கோடாலி கேட்ட பொருத்தம்

கல்முனைக்குடி பர்ஸானை அவனுடைய உம்மா மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் அவன் கோடாலி. ஹொக்கியில் பின்வரிசைத் தடுப்பாளனாக, புல் பேக்காக நின்ற பதினொரு வருசத்தில் அவன் தட்டிய பற்களையும் வீங்க வைத்த முழங்கால்களையும் பற்றி இந்தக் கரையில் கதைக்காத ஊர் இல்லை. மருதமுனையில் அந்தப் பெயரைச் சொன்னால் காறித் துப்புவார்கள். சாய்ந்தமருதில் ஏசுவார்கள். கல்முனைக்குடியில் மட்டும் அதே பெயரை வாய் நிறையச் சிரிப்போடு கத்துவார்கள். "கோடாலி வாறான், காலப் பாத்துக்கங்க" என்று எதிர் அணிக்குக் கேட்கக் கத்துவதில் எங்கள் சனத்துக்கு அப்படியொரு சந்தோசம். அடுத்த வருசம் அவன் சாய்ந்தமருது அணிக்கு மாறியிருந்தால் இதே வாய்கள் அவனைப் பெற்றவளையும் சேர்த்து ஏசியிருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்களின் நியாயம் அவ்வளவுதான்.

விளையாடுகிறவர்கள் வேறு மாதிரிக் கதைத்தார்கள். கோடாலி நிற்கிற பக்கம் ஓட வேண்டியவன் அடி படாமலிருக்கக் காலுறைக்குள் இரட்டைக் காப்பு மட்டை செருகிக்கொண்டு, பந்தைச் சீக்கிரமாகத் தள்ளிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவனிடமே வந்து தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடிப்பான். பந்துக்கு அடிக்கும்போது கால் குறுக்கே வந்தால் அது ஆட்டம். பந்து போன பிறகு காலுக்கு அடித்தால் அது வேறு. இந்த வித்தியாசம் கோட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது, உள்ளே நிற்கிற இருபத்திரண்டு பேருக்கும் தெரியும்.

சண்டை ஓய்ந்த 2009ஆம் வருசம், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, பர்ஸானுக்கும் அவன் உம்மா சித்தி லைலாவுக்கும் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தது. அது வாப்பா சீனிமுகம்மதுவும் உம்மாவும் சேர்ந்து போகவிருந்த பயணம். வாப்பாவைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருசம். ஒரு பெண் தனியே போக முடியாது, கூடப்பிறந்தவனோ பெற்ற மகனோ துணைக்குப் போக வேண்டும். சித்தி லைலாவுக்கு இருப்பது இவன் ஒருவன். இவன் போகாவிட்டால் அவரும் போக முடியாது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர்களில் ஒரு மாதத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். படைத்தவனுக்குச் செய்த பிழையைப் படைத்தவன் மன்னிப்பான், மனிசனுக்குச் செய்த பிழையை அந்த மனிசன்தான் பொருந்த வேண்டும் என்பது நம்பிக்கை. அதற்கென்று ஒரு வாசகம் உண்டு: தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க. கேட்கப்பட்டவர் "பொருந்தினன், எனக்கும் துஆ செய்ங்க" என்பார். ஒரு பிளேன்டீ, ஒரு துண்டு தொதல், பிறகு அடுத்த வீடு. பாதிப் பேருக்கு அது வெறும் மரியாதைச் சுற்று, பொய் சொல்வானேன்.

சித்தி லைலா மகனை அப்படிச் சுற்ற விடவில்லை.

"நம்மட தெரு ஒழுங்கைக்குள்ள ஆர்ட காலையும் நீ முறிக்கல்ல. முறிச்ச இடத்துக்குப் போய்க் கேளு," என்றார்.

"அது விளையாட்டு உம்மா."

"விளையாட்டில முறிஞ்ச கால் நோகாதா?"

பர்ஸான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"பாண்டிருப்புக்கும் போ. பிரகாஸ்ட ஊட்டுக்கு. அவங்கட வாயால பொருத்தம் எடுக்காம நான் உன்னோட எயார்போட் வானில ஏறமாட்டன். வல்லாஹி."

உம்மா சும்மா ஆணையிடுகிற மனிசி இல்லை. வாப்பாவின் மையித்தைக் கண்டெடுத்த நாளில்கூட வாயைக் கட்டிக்கொண்டு நின்றவர். பர்ஸான் அதற்கு மேல் கதைக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

முதலில் மருதமுனை. அங்கே ஆதம்பாவா என்று ஒரு சென்டர் போர்வேர்ட். அவனுடைய முன்பற்கள் இரண்டை 2002இல் தட்டியது பர்ஸானின் ஸ்டிக்தான். இப்போது நாலு தறி போட்டுச் சாரன் நெய்விக்கிறான். கோடாலியைக் கண்டதும் தறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான்.

"பொருத்தமா? மச்சான், நீ அடிச்சதாலதான் என்னை ஒரு ஆளா மதிச்சானுகள். கோடாலி தேடித் தேடி அடிக்கிறான் எண்டா அவன் பெரிய பிளேயராத்தான் இருக்கோணும் எண்டு சொல்லித்தான் எனக்குப் பொண்ணும் தந்த." கட்டுப்பல்லைக் கழற்றிக் காட்டிச் சிரித்தான். அவன் மனைவி உள்ளே நின்றபடியே, "எனக்கு அவர பல்லோட பாக்கக் கிடைக்கல்ல, அதுக்கும் சேர்த்துக் கேளுங்க," என்றாள். அதற்கும் கேட்டான். அதுவும் கிடைத்தது.

இப்படியே ஏழெட்டுப் பேர். உடைந்த விரல், தையல் போட்ட புருவம், ஒரு மாதம் நொண்டிய கணுக்கால். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் பொருந்தினார்கள். பொருந்தாதவர் ஒரே ஒருவர், சாய்ந்தமருதில் பேக்கரி வைத்திருக்கிற ஒரு பெரியவர். வாழ்நாளில் ஸ்டிக்கைத் தொடாதவர். தேத்தண்ணி குடிக்க நுழைந்தவனை அடையாளம் கண்டுகொண்டு வேலையாட்களுக்கு முன்னால் பிடித்துவிட்டார்.

"உன்ன மைதானத்தில கண்டா எனக்குப் பிரசர் ஏறும். பொருந்த மாட்டன், போ."

"உங்களுக்கு நான் என்ன செஞ்ச, காக்கா?"

"எனக்கு ஒண்டும் செய்யல்ல. அதுக்காகப் பொருந்தோணுமா?"

பர்ஸானுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுக்க அந்தச் சிரிப்புக்கு அடியில் பாண்டிருப்பு கிடந்து அரித்தது. நாளைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை போகலாம் என்று தள்ளினான். கல்முனைச் சந்தையைத் தாண்டினால் பாண்டிருப்பு. மருதமுனைக்குப் போகிற பிரதான வீதியும் அதற்குள்ளால்தான், ஆனால் ஐந்து வருசமாக அந்த வீதியை விட்டு ஊருக்குள் அவன் இறங்கவில்லை.

2004 டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். மழையால் இரண்டு தரம் தள்ளிப்போன இறுதி ஆட்டம். முஸ்லிம் ஊரான கல்முனைக்குடிக்கும் தமிழ் ஊரான பாண்டிருப்புக்கும் போட்டி. அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் ஸ்டிக்குகளை எண்ணித்தான் விடுவார்கள், திரும்பும்போதும் எண்ணுவார்கள். பாண்டிருப்பு அணியில் ரைட் விங் ஓடியவன் பிரகாஸ். கடல் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. ஆள் மெலிவு, கால் மட்டும் தரையில் பாவாது. சேற்று மைதானத்தில் அவன் பர்ஸானை இரண்டு தரம் ஏமாற்றினான். இரண்டாம் தரம் பந்தைக் கவட்டுக்குள்ளால் விட்டு மறுபக்கம் போய் எடுத்தான். பர்ஸான் தடுமாறிச் சேற்றில் குந்திவிட்டான்.

சிரித்தது பாண்டிருப்புச் சனம் மட்டுமில்லை. கல்முனைக்குடிச் சனமும் சிரித்தது. கழகத்தின் செயலாளர் பக்கீர் முகைதீன் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, "கோடாலிக்குக் காம்பு கழண்டிட்டுடா," என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். பர்ஸானுக்குக் காது சுட்டது. மற்ற ஊரெல்லாம் வெறுத்தபோது வராத கோபம், சொந்த ஊர் சிரித்தபோது வந்தது.

மூன்றாம் தரம் பிரகாஸ் வந்தான். பந்தைத் தள்ளிவிட்டான். பந்து இரு கை விரித்த தூரம் போய்விட்டது, அம்பயரின் கண்ணும் பந்தோடு போய்விட்டது. பர்ஸான் அதைக் கண்டான். கண்டுகொண்டுதான் ஸ்டிக்கை வீசினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் அவனுக்கு இனித்தது. கல்முனைக்குடிச் சனம் மைதானத்துக்குள் பாய்ந்து "கோடாலி, கோடாலி" என்று கத்தியது. வென்ற பிறகு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சரியாகப் பதினாலாம் நாள் கடல் வந்தது. பிரகாஸ் இடுப்பு வரை கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தான். தகப்பன் இல்லாத வீடு. தாய் அன்னப்பிள்ளை கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவன் தம்பி தர்மிகன், பதினேழு வயது. தனியே ஓடியிருந்தால் பிரதான வீதியைப் பிடித்திருப்பான், ஓடக்கூடியவன்தான். அவன் அண்ணனை முதுகில் தூக்கினான். பாதி கட்டிக் கிடந்த ஒரு மாடி வீட்டுப் படியில் அண்ணனை ஏற்றித் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு நேரம் இருக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் பர்ஸானுக்கு ஊரார் வாயால் வந்த செய்தி. வாப்பாவை அடக்கிவிட்டு அகதி முகாமில் இருந்தபோது கேள்விப்பட்டான். அதற்குப் பிறகு அவன் ஸ்டிக்கைத் தொடவில்லை. வாப்பா போன கவலை என்று ஊர் சொன்னது. அவனும் அப்படியே சொல்ல விட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனான். சுனாமிக்குப் பிறகு கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. முற்றத்தில் பிரகாஸ் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். கால் கோணலாகப் பொருந்தியிருந்தது. தோணியில் நின்று வலை இழுக்க அந்தக் கால் இனி ஆகாது. பர்ஸானைக் கண்டதும் அவன் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை.

"வா மச்சான். இரி," என்றான்.

அன்னப்பிள்ளை வாசலுக்கு வந்தார். பர்ஸான் உட்காரவில்லை. வழி நெடுக மனதில் சொல்லிக்கொண்டு வந்ததைச் சொன்னான்.

"அம்மா, உம்மாவக் கூட்டிக்கிட்டு ஹஜ்ஜுக்குப் போறன். தெரிஞ்சோ தெரியாமலோ உங்கட ஊட்டுக்கு ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க."

அன்னப்பிள்ளைக்கு எங்கள் வழக்கம் தெரியும். சந்தையில் முஸ்லிம் பெண்களோடு நாற்பது வருசம் மீன் விற்றவர். பத்துப் பேராவது அவரிடமும் வந்து கேட்டிருப்பார்கள், அவரும் பொருந்தி அனுப்பியிருப்பார். இன்று அவர் திருப்பிக் கேட்டார்.

"தெரிஞ்சா, தெரியாமலா மனே? ரெண்டையும் சேர்த்துச் சொன்னா நான் எதைப் பொருந்துற?"

 இத்தனை வீட்டில் பர்ஸானிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. பிரகாஸைப் பார்த்தான். பிரகாஸ் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. தெரிஞ்சு என்று சொன்னால் இந்த அம்மா பொருந்துவாரா? பொருந்தாவிட்டால் உம்மா வானில் ஏறுவாரா? அறுபத்தாறு வயது, சீனி வருத்தம், அடுத்த வருசம் பெயர் வருமென்று யார் கண்டது?

"தெரியாமத்தான் அம்மா. பந்துக்குத்தான் அடிச்ச நான்."

அன்னப்பிள்ளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு வந்து அவன் தலையில் கை வைத்தார்.

"இவனும் அப்பிடித்தான் சொன்னவன். பந்துக்குப் போட்டது, காலில பட்டுட்டு எண்டு. எனக்குத்தான் மனசு ஆறல்ல. ஆரோ வேணுமெண்டு செஞ்சு என்ட சின்னவன் போனான் எண்டு நினைச்சு நினைச்சு வெந்தன். நீ வந்து சொன்னது நல்லம் மனே. பொருந்தினன். போயிட்டு வா."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவன் குடித்தான். வாய் சுட்டது கூடத் தெரியவில்லை. திரும்பும்போது பிரகாஸ் நொண்டிக்கொண்டு ஒழுங்கை முனை வரை வந்தான்.

"காலை நான் அண்டைக்கே பொருந்திட்டன் மச்சான். மைதானத்தில கிடக்கக்குள்ளயே. விளையாடப் போனா இதும் வரும்," என்றான். "அம்மாக்கு ஏன் அப்பிடிச் சொன்ன நான் எண்டு தெரியுமா? வேணுமெண்டு அடிச்ச எண்டு சொன்னா எங்கட பொடியனுகள் உங்கட ஊருக்குள்ள வந்திருப்பானுகள். பிறகு உங்கட ஆக்கள் இங்க. அந்த நேரம் எப்பிடி இருந்த எண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் சொன்ன பொய் அதுக்கு. நீ இண்டைக்குச் சொன்னது எதுக்கு?"

பர்ஸான் மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

"கால் என்டது. அதை நான் பொருந்தலாம். அம்மா தலையில கை வச்சது இருக்கே, அதை நான் பொருந்த மாட்டன்," என்று சொல்லிவிட்டுப் பிரகாஸ் திரும்பி நடந்தான்.

வீட்டில் உம்மா வாசலிலேயே நின்றார். பொருந்தினாங்களா என்று கேட்டார். ஓம் என்றான். அந்த ஓமில் பொய் இல்லை, அதுதான் அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, அன்றைக்கே பெட்டி அடுக்கத் தொடங்கினார்.

பதின்மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி ஸகியா பயண யோசனை என்று நினைத்தாள். தொழுகையில் கையைக் கட்டினால் தலையில் அந்தக் கை இருப்பது போலிருந்தது. இதைக் கொண்டுபோய் அந்தப் புனித வீட்டுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று தன்னையே கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனான்.

வியாழக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு வான் வந்தது. வழியனுப்ப ஒழுங்கை நிறையச் சனம். பாதிப் பேர் பழைய ஹொக்கிச் சனம். உம்மாவை ஏற்றி, பெட்டிகளை மேலே கட்டினார்கள். பர்ஸான் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தான். பக்கீர் முகைதீனுக்கு வயது போனாலும் வாய் போகவில்லை.

"ஹாஜியார் ஆகப்போறார் நம்மட கோடாலி. அண்டைக்குப் பாண்டிருப்பான்ட காலுக்குப் போட்டான் பாருங்க ஒரு போடு, பந்து எங்கயோ, கால் எங்கயோ. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது," என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். சிரித்தார்கள். அப்போதுதான் பர்ஸானுக்கு விளங்கியது: இந்த ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்துதான் தோளில் தூக்கியிருக்கிறார்கள்.

ஒழுங்கை முனையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அன்னப்பிள்ளை இறங்கினார், பின்னால் பிரகாஸ். சனம் அப்படியே அடங்கிவிட்டது. பக்கீர் முகைதீன் வாயை மூடிக்கொண்டு வழி விட்டார். அன்னப்பிள்ளை நேரே பர்ஸானிடம் வந்தார்.

"இவன் போகவேணாம் எண்டுதான் சொன்னவன். எனக்கு மனசு கேக்கல்ல. மனே, உங்கட இடத்தில எங்கட புள்ளைக்குக் கேக்கலாமோ எண்டு எனக்குத் தெரியாது. கேக்கலாம் எண்டா, தர்மிகன் எண்டு பேரைச் சொல்லிக் கேளு. அவன் எங்க கிடக்கிறானோ, அங்க நல்லா இருக்கட்டும்."

பேரைச் சொல்லிக் கேட்கச் சொல்கிறார். எவனுடைய கையால் அந்தப் பிள்ளை போனானோ, அவனுடைய வாயால்.  வானின் திறந்த கதவுக்குள் உம்மாவின் முகம் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிசம் வாயைக் கட்டினால் வான் போய்விடும்.

"அம்மா, தெரிஞ்சுதான் அடிச்ச நான்."

"என்ன மனே?"

"பந்து போயிட்டுது. போனதக் கண்டுக்கிட்டுத்தான் காலுக்கு அடிச்ச நான். உங்கட ஊட்ட வந்து சொன்னது பொய்."

 அன்னப்பிள்ளை பிரகாஸின் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா."

"அம்மா, அவன் பயணம் போற நேரம் மனசு குழம்பிக் கதைக்கிறான்," என்று பக்கீர் முகைதீன் நடுவில் வந்தார். "நான் பக்கத்தில நிண்டு கண்டநான். பந்துக்குத்தான் போட்டவன்." சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேர் ஓம், ஓம் என்றார்கள். ஐந்து நிமிசத்துக்கு முன் சிரித்த அதே ஆட்கள்.

அன்னப்பிள்ளை அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்டைக்குப் பொருந்தினன் எண்டு சொன்னநான். அதைத் திருப்பி எடுத்துக்கிட்டன்," என்றார். குரல் உயரவில்லை. "என்ட புள்ளைட பேர உன்ட வாயால சொல்லாத."

அவர் ஓட்டோவுக்கு நடந்தார். பிரகாஸ் அவர் பின்னால் போகுமுன் பர்ஸானின் தோளில் ஒரு நொடி கை வைத்து எடுத்தான். ஆட்டம் முடிந்து பிரியும்போது விளையாடுகிறவர்கள் வைப்பார்களே, அந்த மாதிரி. 

சனம் ஆளுக்கொன்று கதைக்கத் தொடங்கியது. இப்ப இதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்றார் ஒருவர். போய் வந்து பார்த்துக்கொள்ளலாம், ஏறு என்று பக்கீர் முகைதீன் அவன் முதுகில் கை கொடுத்துத் தள்ளினார். ஸகியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சித்தி லைலா வானின் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். மகனைப் பார்க்கவில்லை. ஓட்டோ போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"உம்மா, நேரம் போகுது," என்றான் டிரைவர்.

"என்ட பெட்டிய இறக்குங்க தம்பி," என்றார் சித்தி லைலா.

டிரைவர் யாருடைய முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். பர்ஸான்தான் மேலே ஏறி, கயிற்றை அவிழ்த்து, உம்மாவின் பெட்டியை இறக்கினான்.